இடது பக்கம் காலி

"யாருன்னு தெரிஞ்சாகணும், நான் விடமாட்டேன்—"

"தெரிஞ்சு? தெரிஞ்சு என்னடா பண்ணப்போறே? போனது—"

"போனது போச்சுன்னு மட்டும் சொல்லாதே! ஊரே என்னைத் திருடன்னு—"

"ஊரா? ஊர் உன்னைத் தலையில தூக்கி வெச்சு ஆடுது—"

"உன் குரல் போயிருக்குக்கா! உன் குரல்!"

"என் குரல்தானே? அழறதுன்னா நான்தானே அழணும்? நானே சும்மா இருக்கேன், நீ எதுக்கு—"

"ரெண்டு பேரும் ஒண்ணா ஏறினா படிக்கட்டு தாங்காது," என்றார் கண்டக்டர். "ஒருத்தர் முன்னாடி ஏறுங்க. இன்னொருத்தர் வெயிட் பண்ணுங்க. விசில் நான் ஊதறேன்."

அக்காவும் தம்பியும் ஒருசேர அவரை முறைத்தார்கள். முறைப்பதில் மட்டும் அவர்களுக்குள் ஒற்றுமை இருந்தது.

ஜெராக்ஸ் கடைக்கு மேலே இருந்த அந்த அறையில் ஒரு மேஜை, நான்கு நாற்காலி, சத்தம் போடும் ஒரு மின்விசிறி. மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த பெண்மணிக்கு வயது ஐம்பத்தெட்டு. கோர்ட்டில் இருபத்தெட்டு வருஷம் சுருக்கெழுத்து எழுதியவர். யார் என்ன பொய் சொன்னாலும் ஒரு எழுத்து விடாமல் எழுதி எழுதி, கடைசியில் பொய்யைக் கேட்டாலே விரல் நுனி அரிக்கும் அளவுக்கு வந்துவிட்டார். ஓய்வு பெற்ற பிறகு துப்பறிகிறார். எல்லோருக்கும் அவர் ஸ்டெனோ. அவருடைய உதவியாளர் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். இருபத்தாறு வருஷம் கூட்டத்துக்குள் நின்று, டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்தவர். இருவரும் சேர்ந்து தொழில் தொடங்கி நான்கு வருஷமாகிறது.

ஸ்டெனோ பென்சிலைக் கூர் பார்த்தார். "தம்பி முதல்ல சொல்லட்டும்."

தம்பி ராப் பாடுகிறவன். இருபத்தாறு வயது. மேடைப் பெயர் கரண்ட். அக்காவுக்கு முப்பத்தொன்று. மேடையிலும் அவளுக்கு 'அக்கா' என்றே பெயர்.

"எங்க முதல் ஆல்பம் மேடம். பன்னிரண்டு பாட்டு. அக்கா தனியாப் பாடினது ரெண்டு, மிச்சமெல்லாம் சண்டை. நான் ஒண்ணு சொல்லுவேன், அக்கா பதில் சொல்லுவா. வலது பக்கம் நான், இடது பக்கம் அவ. ஹெட்போன் மாட்டினா, எங்க சண்டைக்கு நடுவுல நீங்க மாட்டிக்கிட்ட மாதிரி இருக்கும்."

"எங்களுக்கு ஹெட்போன் தேவைப்படல," என்றார் கண்டக்டர்.

"ஒன்பது நாள் முன்னாடி அதுல மூணு பாட்டு லீக் ஆயிடுச்சு. ரிலீசுக்கு இன்னும் மூணு வாரம் இருக்கு. ஆனா வெளியே போனதுல என் பக்கம் மட்டும்தான் இருக்கு. அக்கா பதில் சொல்ற இடமெல்லாம் வெறும் டிரம்மு."

"காத்து வாங்கற இடம்," என்றாள் அக்கா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே.

"ஜனங்க அதைத்தான் பிடிச்சுக்கிட்டாங்க மேடம். அந்த மௌனம் இருக்கே, அதுதான் அழகாம். அந்த இடத்துல அவங்கவங்க கதையைச் சொல்லி வீடியோ போடறாங்க. கம்பெனி பாத்துச்சு. முழு ஆல்பத்தையும் அப்படியே மாத்தச் சொல்லுது. அக்கா தனியாப் பாடின ரெண்டு பாட்டு அவுட். மிச்சம் பத்துலயும் அவ குரல் கிடையாது. ஒன்பதாவதா இருந்த 'கதவு' பாட்டு முதல்ல வருது. அட்டையில ரெண்டு நாற்காலி இருந்துச்சு, இப்போ ஒண்ணுதான். 'பதிலுக்குப் பதில்'னு பேர் வெச்சிருந்தோம். இப்போ 'பதில் இல்லை'."

"உனக்கு லாபம்தானே?"

"அதான் மேடம் பிரச்னை! எல்லாரும் நானே லீக் பண்ணினேன்னு சொல்றாங்க. சொந்த அக்காவை வெட்டிட்டு மேலே வந்தவன்னு. பாட்டு வரிசையை இன்னைக்கு நாலு மணிக்குக் கம்பெனி முடிவு பண்ணுது. அதுக்குள்ள யாருன்னு தெரிஞ்சா, அக்காவைத் திரும்ப உள்ளே கொண்டு வரச்சொல்லி நான் சண்டை போடுவேன்."

சுவர்க் கடிகாரத்தில் பதினொன்று. ஸ்டெனோ தாளில் நடுக்கோடு இழுத்தார். வலப்பக்கம் ஏழெட்டுக் கீறல். இடப்பக்கம் ஒன்றுகூட இல்லை.

"முழுப் பாட்டு யார் யார்கிட்ட இருக்கு?"

"நான், அக்கா, ரெக்கார்டிங் பண்ணின சவுண்டு அண்ணன், கம்பெனி மேனேஜர். அப்புறம் அம்மா போன்ல. பத்து நாள் முன்னாடிதான் ஏத்திக் கொடுத்தேன்."

"அம்மாவுக்கு இடது காது கேக்காது," என்றாள் அக்கா சட்டென்று. "ஆஸ்பத்திரி லாண்டரியில பெரிய மெஷின் பக்கத்துலயே நின்னு நின்னு போயிடுச்சு. வலது காதுல மட்டும்தான் மாட்டிப்பாங்க. அவங்களை இதுல இழுக்காதீங்க."

"நான் இழுக்கலையேம்மா," என்றார் ஸ்டெனோ. இடப்பக்கத்தில் முதல் கீறல் விழுந்தது.

கண்டக்டர் தன் போனில் லீக் ஆன 'கதவு' பாட்டை ஓடவிட்டார். தம்பியின் குரல் அறையை நிறைத்தது.

*ஒரு டீ குடிக்க எத்தனை நிமிஷம் ஆகும் அண்ணே?*
*தங்கச்சி அதுக்குள்ள எத்தனை மூச்சு விட்டிருப்பா?*
*நீ ஊதி ஊதிக் குடிச்சே, இங்கே ஒரு விளக்கு அணைஞ்சுது.*

பிறகு டிரம் மட்டும். நீளமாக. பிறகு அவன் மட்டும், உடைந்த குரலில்: *கதவைத் திற, கதவைத் திற, யாராச்சும் கதவைத் திற.*

"எங்க கடைசித் தங்கச்சி," என்றான் கரண்ட். "ஒன்றரை வயசு. எனக்கு அப்போ நாலு. ஜன்னி வந்துச்சு. ஆம்புலன்ஸ் டிரைவர் வர்ற வழியில டீக்கடையில நின்னுட்டாராம். அம்மா சொல்லித்தான் தெரியும். நான் பேர் எதுவும் போடல மேடம். ஆனா ஜனங்க தேடிப் பிடிச்சுட்டாங்க. இப்போ அவர் ரிட்டயராகி வீட்டுல இருக்கார். அவர் போட்டோவைப் போட்டு... ஜன்னலை எல்லாம் உடைச்சிருக்காங்க."

"அக்கா, அந்த டிரம் இடத்துல நீங்க என்ன சொல்லுவீங்க?"

"ஞாபகமில்லை."

"ஞாபகமில்லையா?" தம்பி திரும்பினான். "தூக்கத்துல எழுப்பினாலும் சொல்லுவியேக்கா!"

"மறந்துடுச்சுடா. எனக்கு அம்மாவுக்குச் சாப்பாடு கொண்டுபோகணும்." அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு எழுந்தாள். கதவருகே ஒரு நொடி நின்றாள். "மேடம், இவன் சின்னப்பையன் மாதிரி அடம் பிடிக்கறான். நீங்க பெரியவங்க. விட்டுடுங்க."

செருப்புச் சத்தம் படியிறங்கியது.

"பர்ஸைப் பறிகொடுத்தவ 'பரவாயில்ல, வண்டி போகட்டும்'னு சொல்றா," என்றார் கண்டக்டர் மெதுவாக. "இருபத்தாறு வருஷத்துல அப்படி ஒரு பாசஞ்சரை நான் பாத்ததே இல்ல."

*

சவுண்டின் ஸ்டூடியோ ஒரு டயர் கடைக்குக் கீழே இருந்த நிலவறையில். சுவர் முழுக்க முட்டை அட்டை மாதிரி பஞ்சு. உள்ளே நுழைந்ததும் காது அடைத்துக்கொண்டது. சவுண்டு ஒல்லியான மனிதர். தலையில் எப்போதும் ஹெட்போன். ஒரு காதில் மாட்டி, மறு காதை விட்டுவைத்திருந்தார். வந்தவர்களுக்கு அந்த ஒரு காதுதான்.

"என்னைச் சந்தேகப்படறீங்களா? நாலு மாசம் சோறு தண்ணி இல்லாம உழைச்சது நான். முழுசாக் கேளுங்க முதல்ல. கேட்டுட்டு அப்புறம் பேசுங்க."

ஸ்டெனோவின் தலையில் ஹெட்போனை வைத்து 'கதவு' பாட்டை ஓடவிட்டார். வலது காதில் தம்பி, டீ எத்தனை நிமிஷம் என்று கேட்டான். அவன் நிறுத்தியதும் இடது காதில் அவள் வந்தாள். கத்தவில்லை. அடுப்படியில் நின்று பேசுகிற குரல்.

*டீ யாரும் குடிக்கல தம்பி, வண்டி வந்துச்சு,*
*கதவைத் தட்டின கையை ஜன்னல்ல பாத்தேன்.*
*பூட்டு வெளியே, நாங்க மூணு பேரும் உள்ளே,*
*சாவி யார் இடுப்புல இருந்துச்சு? கேளு, போய்க் கேளு.*

பிறகு இருவரும் ஒன்றாக, கதவைத் திற, கதவைத் திற.

ஸ்டெனோ ஹெட்போனைக் கழற்றி மேஜைமேல் வைத்தார்.

"என்னம்மா, பாட்டு பிடிக்கலையா?" என்றார் கண்டக்டர்.

"பிடிச்சிருக்கு. பிடிக்கறதுக்காகப் பாடின பாட்டு இல்ல இது." அவர் சவுண்டு பக்கம் திரும்பினார். "பாட்டு சரியா வந்திருக்கான்னு எங்கே கேட்டுப் பாப்பீங்க?"

"இங்கே கேட்டா எல்லாமே நல்லாத்தான் இருக்கும். அதனால வண்டியில போட்டுப் பாப்பேன். ஓட்டை ஸ்பீக்கர்ல நல்லா இருந்தாத்தான் அது பாட்டு."

கண்டக்டரின் கண் மின்னியது. "வண்டியைக் காட்டுங்க."

டயர் கடைக்கு வெளியே நின்ற பழைய வேனில் கண்டக்டர் உரிமையோடு ஏறி, ரேடியோவைத் திருகி, இடப்பக்கக் கதவில் காதை வைத்தார். அடுத்த நொடி குதித்து இறங்கினார்.

"ஸ்டெனோம்மா! இடது ஸ்பீக்கர் செத்துக் கிடக்கு! வலது மட்டும்தான் பேசுது! முடிஞ்சுது கதை. இந்த வண்டியில பாட்டைப் போட்டு, போனைப் பக்கத்துல வெச்சுப் பதிவு பண்ணினா வலது பக்கம் மட்டும்தான் வரும். அண்ணே, டிக்கெட்டைக் காட்டுங்க!"

சவுண்டின் முகம் வெளுத்தது. "ஐயோ, அது ரெண்டு வருஷமா செத்துக் கிடக்கு சார். மாத்தணும் மாத்தணும்னு..."

"தெரியாம லீக் ஆச்சா, தெரிஞ்சா?"

"கண்டக்டர், கொஞ்சம் இருங்க," என்றார் ஸ்டெனோ. வேனுக்குள் ஏறி உட்கார்ந்தார். "அந்தக் 'கதவு' பாட்டை இதுலயே போடுங்க. முழுப் பாட்டை."

பாட்டு ஓடியது. தம்பி கேட்டான். பதில் வரவில்லை. செத்த ஸ்பீக்கருக்குள்ளேயே அவளுடைய பதில் புதைந்துபோனது. டிரம் மட்டும் தட்டியது. கண்டக்டர் வெற்றியோடு தலையாட்டிக்கொண்டே இருந்தார். டிரம் முடிந்தது.

*கதவைத் திற, கதவைத் திற...*

கண்டக்டரின் தலை பாதியில் நின்றது. வலது ஸ்பீக்கரில் இரண்டு குரல். தம்பியின் பக்கத்திலேயே, தெளிவாக, அக்கா.

"இவ எங்கேருந்து ஏறினா?"

"சேர்ந்து பாடற இடம் சார்," என்றார் சவுண்டு. "அதை நடுவுல வெச்சிருக்கேன். நடுவுல வெச்சா ரெண்டு ஸ்பீக்கர்லயும் வரும். ஒண்ணு செத்தாலும் இன்னொண்ணுல கேக்கும்."

"லீக் ஆனதுல?" என்றார் ஸ்டெனோ.

கண்டக்டர் போனை எடுத்து மறுபடி போட்டார். *கதவைத் திற, யாராச்சும் கதவைத் திற.* தம்பி மட்டும். தன்னந்தனியாக.

"அப்போ ஸ்பீக்கர் சாகல," என்றார் ஸ்டெனோ. "ஆளையே எடுத்திருக்காங்க. அவ குரலே இல்லாத ஒரு பிரதி எங்கேயோ இருந்திருக்கு. அப்படி ஒண்ணு எதுக்கு இருக்கும் சவுண்டு? யாருக்காவது வேணும்னாத்தானே செய்வீங்க?"

சவுண்டு கழுத்திலிருந்த ஹெட்போன் வயரை விரலில் சுற்றினார், அவிழ்த்தார்.

"காலிப் பிரதி," என்றார் கடைசியில். "எங்க பழக்கம் அது. பதிவுக்கு முன்னாடி வீட்டுல பாடிப் பழகணும் இல்லையா? எதிராளி பாடறது மட்டும் இருக்கும், தன் இடம் காலியா இருக்கும். அந்தக் காலியில பாடிப் பழகுவாங்க. தம்பிக்குத் தம்பி குரல் இல்லாதது. அக்காவுக்கு..."

"அக்காவுக்கு அக்கா குரல் இல்லாதது," என்றார் ஸ்டெனோ. "வேற யாருக்கும் அது எதுக்கும் உதவாது. எவ குரல் இல்லையோ அவளுக்குத்தான் அந்தப் பிரதியால உபயோகம்."

கண்டக்டர் வேனின் செத்த ஸ்பீக்கரை வருத்தத்தோடு தட்டிக்கொடுத்தார். "மன்னிச்சுக்கோடா. உன்னைப் போய்ச் சந்தேகப்பட்டுட்டேன்." பிறகு குரல் இறங்கியது. "ஆனா ஸ்டெனோம்மா, தன் கழுத்தைத் தானே எதுக்கும்மா அறுத்துக்கணும்?"

"அதைச் சொல்லக்கூடியவர் ஒருத்தர் இருக்கார். டிரைவர் நம்பர் கிடைக்குமா?"

"டிரைவர்னா எனக்குப் பங்காளி மாதிரி. ரெண்டு போன் போட்டாப் போதும்."

இரண்டு போதவில்லை, மூன்று போட்டார்.

*

ஆஸ்பத்திரிக்குப் போகிற பஸ்ஸில் கடைசி சீட். கண்டக்டர் போனை இருவர் காதுக்கும் நடுவில் பிடித்துக்கொண்டார். மறுமுனையில் இருமல்.

"பத்திரிகைன்னா வெச்சிருங்க."

"பத்திரிகை இல்லீங்க," என்றார் ஸ்டெனோ. "நீங்க டீ குடிச்சீங்களா இல்லையா, அது மட்டும் தெரியணும்."

மறுமுனையில் ஒரு சிரிப்பு, சிரிப்பென்று சொல்ல முடியாத ஒன்று.

"எனக்கு டீயே ஒத்துக்காதும்மா. அல்சர். பக்கத்து வீட்டுக்காரங்க கூப்பிட்டாங்க, வண்டி நேரத்துக்குத்தான் போச்சு. கதவுல பூட்டு. உள்ளே குழந்தைங்க. அந்தம்மா வேலைக்குப் போறப்போ பூட்டிட்டுப் போறது வழக்கம். வேற யாரு இருக்கா பாத்துக்க? தட்டினேன். கம்பி தேடி ஓடினேன். திரும்பி வர்றப்போ அந்தம்மா சாவியோட நிக்கறாங்க. எல்லாம் முடிஞ்சு போச்சு."

"அவங்க உங்க மேல பழி போட்டப்போ நீங்க சொல்லியிருக்கலாமே?"

"சொன்னா அந்தம்மாவைக் கூட்டிட்டுப் போயிருப்பாங்க. மிச்சம் ரெண்டு இருந்துச்சும்மா. அதுல பெருசு, ஒன்பது வயசிருக்கும், ஜன்னல் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு என்னையே பாத்துச்சு. அதுங்களை யாரு பாத்துக்குவா? மூணு மாசம் சஸ்பெண்ட்டோட போகட்டும்னு விட்டுட்டேன்."

"இப்போ?"

"இப்போ ஜன்னல்ல கண்ணாடி இல்ல. அட்டை வெச்சிருக்கேன். மழை வராத வரைக்கும் பரவாயில்ல."

போன் வைக்கப்பட்டது.

*

ஆஸ்பத்திரியின் பின்பக்கம் லாண்டரி. உள்ளே ஆவி, சலவைச் சோடா வாசனை, மலைமலையாக வெள்ளைப் படுக்கை விரிப்பு. ராட்சத உருளை ஒன்று விரிப்புகளை விழுங்கி, தட்டையாக்கி மறுபக்கம் துப்பியது. அதன் முன்னால் ஒரு பெண்மணி முதுகைக் காட்டி நின்று விரிப்புகளை மடித்துக்கொண்டிருந்தாள். வலது காதில் ஒரு வெள்ளை வயர். மறு வயர் தோளில் சும்மா தொங்கியது.

வெளி வராந்தாவில், காலி டிபன் பாக்ஸை மடியில் வைத்துக்கொண்டு அக்கா பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். வந்தவர்களைப் பார்த்ததும் எழவில்லை.

"கண்டுபிடிச்சுட்டீங்களா?"

"காலிப் பிரதி," என்றார் ஸ்டெனோ, பக்கத்தில் உட்கார்ந்து. "தம்பி பத்து நாள் முன்னாடி அம்மா போன்ல பாட்டை ஏத்திக் கொடுக்கறான். மறுநாளே லீக். அந்த ஒரு நாள்ல என்னம்மா பாத்தே?"

அக்கா டிபன் பாக்ஸ் மூடியைத் திருகினாள், திருப்பித் திருகினாள்.

"அன்னைக்கும் சாப்பாடு கொண்டுவந்தேன். அம்மா இதோ இப்படித்தான் நின்னாங்க. வலது காதுல மாட்டிக்கிட்டு, மடிச்சுக்கிட்டே தலையாட்டினாங்க. தம்பி குரல் மட்டும்தான் அவங்களுக்குக் கேக்குது. டிரைவர் டீ குடிச்சார்னு இவன் கத்தறான், அம்மா தலையாட்டறாங்க. நான் இந்தப் பக்கம் கத்தறது அவங்களுக்குத் தெரியவே தெரியாது." அவள் மூச்சை இழுத்தாள். "பாடறப்போ பெரிய தைரியம் இருந்துச்சு மேடம். இத்தனை வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தேன், ஒரு தடவையாவது சொல்லணும்னு. அன்னைக்கு அந்த முகத்தைப் பாத்தேன். மூணு வாரத்துல இது டீக்கடை, பஸ், பக்கத்து வீடுன்னு எல்லா இடத்துலயும் ஓடும். ஒரு காது கேட்டாப் போதுமே. யாராவது வந்து 'உன் பொண்ணு உன்னைப் பத்திப் பாடியிருக்கா'ன்னு சொல்லுவாங்க. இந்த வயசுல எதுக்கு? பாதியே போதும்னு தோணிச்சு."

"அதனால ஊரையே உங்க அம்மா காதால கேக்க வெச்சுட்டே."

"என் குரலை எடுங்கன்னு நான் கேட்டா இவன் விடமாட்டான். எடுத்தா நல்லாருக்குன்னு ஊரே சொன்னா, கம்பெனியே எடுத்துடும். எடுத்துடுச்சு." அவள் சிரிக்க முயன்றாள். "என்னோட ஹிட்டு அதுதான்."

"அந்த டிரைவர் வீட்டு ஜன்னல்ல இப்போ அட்டை இருக்கும்மா," என்றார் கண்டக்டர். திட்டுகிற குரலில் இல்லை, ஸ்டாப் பேரைச் சொல்கிற குரலில்.

அவள் கை நின்றுவிட்டது. "அதை நான்... அதை நினைக்கவே இல்ல சார்."

"நீயா?"

வராந்தாவின் மறுகோடியில் கரண்ட் நின்றிருந்தான். ஸ்டெனோதான் வரச்சொல்லியிருந்தார். எவ்வளவு கேட்டான் என்பது முகத்தில் தெரிந்தது.

"நீயாக்கா? நான் ஒன்பது நாளா எல்லார்கிட்டயும் அடி வாங்கறேன். நீ பண்ணிட்டு, என் பக்கத்துலயே உட்கார்ந்து சாப்பிட்டியா?"

"ஆமா."

"அந்தப் பூட்டு... நிஜமா? நீ ஏதோ பாட்டுக்காகச் சும்மா எழுதினதுன்னு நான்..."

"'கேளு, போய்க் கேளு'ன்னு பாடினேனேடா. கேட்டியா? நீ என்ன சொன்னே? 'ரைம் சூப்பர்க்கா'ன்னு சொன்னே."

ஸ்டெனோ கடிகாரத்தைப் பார்த்தார்.

"மணி மூணு பத்து. கம்பெனி முடிவு பண்ண இன்னும் அம்பது நிமிஷம் இருக்கு. இப்போ யாருன்னு தெரிஞ்சு போச்சு. நீதானே சொன்னே, தெரிஞ்சா அக்காவுக்காகச் சண்டை போடுவேன்னு. போடு. டிரைவருக்காகவாவது போடு."

கரண்ட் தரையைப் பார்த்தான். பிறகு சட்டைப் பையைத் தொட்டான். பிறகு கையை எடுத்துவிட்டான்.

கண்டக்டரின் கண் அந்தக் கையிலேயே இருந்தது. "டிக்கெட் ஏற்கனவே எடுத்தாச்சு போலிருக்கே தம்பி."

உள்ளே உருளை சுற்றிக்கொண்டிருந்தது.

"காலையில ஒன்பது மணிக்குக் கையெழுத்துப் போட்டேன்," என்றான் கரண்ட். "உங்க ஆபீசுக்கு வர்றதுக்கு முன்னாடியே. மேனேஜர் வீட்டுக்கே வந்துட்டார். இந்த அலை போச்சுன்னா திரும்ப வராதுன்னார். நாலு மணின்னு சும்மா சொன்னேன். யாராவது வேற ஆள் பண்ணினதுன்னு தெரிஞ்சா... எனக்குக் கொஞ்சம் தூக்கம் வரும்னு நினைச்சேன்."

அக்கா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் விரும்பியது நடந்துவிட்டது. ஆனால் விரும்பியது கிடைத்தவளின் முகமாக அது இல்லை.

"எப்படியும் எடுக்கத்தானேடா வெச்சேன். எனக்கு இது வலிக்கக் கூடாது," என்றாள். "ஆனா நீ ஒரு தடவையாவது முடியாதுன்னு சொல்லியிருப்பேன்னு நினைச்சேன். ஒரே ஒரு தடவை."

"அக்கா..."

"வேணாம்."

கண்டக்டர் ஓரடி தள்ளி நின்றுகொண்டார்.

அப்போதுதான் உருளையின் சத்தம் நின்றது. அவ்வளவு நேரம் அது இருந்ததே, நின்றபோதுதான் எல்லோருக்கும் தெரிந்தது. ஆவிக்குள்ளிருந்து அம்மா வந்தாள். முன்கை இரண்டிலும் சுட்ட தழும்புகள். கழுத்தில் வயர் தொங்கியது. எவ்வளவு நேரமாக, வலது காதைத் திருப்பி, கதவுக்கு அந்தப் பக்கம் நின்றாள் என்று யாருக்கும் தெரியாது.

"அம்மா, சாப்பாடு சரியா இருந்துச்சா?" என்றாள் அக்கா, சடாரென்று எழுந்து. "டிபன் பாக்ஸைக் கழுவிட்டு நான்..."

"உட்காரு."

அக்கா உட்கார்ந்தாள்.

அம்மா கழுத்திலிருந்த வயரை எடுத்தாள். இரண்டு முனை. வலதை ஒரு கையிலும் இடதை மறு கையிலும் பிடித்தாள். அவற்றைப் பார்த்துக்கொண்டே பேசினாள்.

"முதல் நாள் இதை மாட்டிக் கேட்டேன். தம்பி பேசறான். நடுநடுவுல நிறுத்தறான். பாட்டு நல்லாருந்துச்சு, தலையாட்டினேன். ஆனா ஏன் நிறுத்தறான்னு புரியல. யாரோ பதில் சொல்ற மாதிரியே நிறுத்தறான். ரெண்டாம் நாள்தான் தோணிச்சு." இடது முனையை எடுத்து வலது காதில் வைத்தாள். "அந்தப் பக்கத்தை இந்தக் காதுல மாட்டினேன். அவ்வளவுதான். நீ மட்டும் பேசினே."

அக்காவின் கையிலிருந்து மூடி நழுவி, தரையில் வட்டமடித்து, சுவரில் முட்டி நின்றது.

"அன்னைக்கிலேருந்து அந்தப் பக்கத்தைத்தான் கேக்கறேன்," என்றாள் அம்மா. "தம்பி பக்கத்தை அப்புறம் தொடவே இல்ல. பாட்டு எப்போ வெளியே வரும்னு நாள் எண்ணிக்கிட்டு இருந்தேன். வந்ததும் அந்த டிரைவர் வீட்டுக்குப் போகணும்னு. தனியாப் போக எனக்கு வாய் இல்ல. இந்தப் பாட்டைக் கையில வெச்சுக்கிட்டாப் போயிடலாம்னு நினைச்சேன்."

கரண்ட் சுவரில் சாய்ந்து மெல்லக் கீழே உட்கார்ந்தான். ஸ்டெனோ நோட்டை மூடினார். இருபத்தெட்டு வருஷத்தில் சாட்சி பேசும்போது நோட்டை மூடியது அதுதான் முதல் தடவை.

அம்மா மகளின் முன்னால் வந்து நின்றாள். குரல் உயரவில்லை. மெஷின் பக்கத்தில் இருபது வருஷம் நின்றவளுக்கு, கத்துவது வீண் என்று தெரிந்திருந்தது.

"இருபத்திரண்டு வருஷமா, அந்தக் கதவுக்கு உள்ளேருந்து யாராவது ஒருத்தர் என்னைக் கேக்கமாட்டாங்களான்னு இருந்தேன். நீ கேட்டே. அப்புறம் நீயே ஏன்டி திரும்பவும் பூட்டினே?"